டவுன்லோட் ஏன் நின்றது? ஒரு வரிசையின் வரலாறு

போன வருசம் நாங்கள் ஐந்து பேர் கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி. முன்வீட்டு அன்ரியோடு சேர்த்து ஒரு கிணறு, ஒரு இன்டர்நெட் இணைப்பு. தொலைபேசி வயரில் வருகிற பழைய ஏடிஎஸ்எல் இணைப்பு அது. ரவுட்டர் அன்ரி வீட்டு ஹோலில், ஃபிரிட்ஜுக்கு மேலே. மாதக் காசில் பாதி எங்களது.

பிரச்சினை இதுதான். நூலகம் தளத்தில் ஒரு பழைய இதழின் ஸ்கான் பிரதியை டவுன்லோட் போட்டால் முதல் ஐந்தாறு எம்பி நல்லா ஓடி வரும். பேந்து வேகம் இறங்கும். பேந்து பூச்சியம். கொஞ்ச நேரத்தில் கோப்பே அறுந்து போகும். தளத்தில் ஒரு பிழையும் இல்லை. அதே கோப்பை கம்பஸ் லைப்ரரியில் இருந்து எடுத்தால் ஒரு நிமிசத்தில் வந்து விழும். வீட்டில், அதுவும் பின்னேரம் ஆறு ஏழு மணிக்குப் பிறகுதான் இந்த விளையாட்டு.

சனம் செய்கிற எல்லாத்தையும் நாங்களும் செய்தோம். ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டோம். ஃபிரிட்ஜில் இருந்து அலுமாரிக்கு மாற்றினோம். வைஃபை சனலை 6 இல் இருந்து 11 க்கு மாற்றினோம். ஆரோ சொன்னதைக் கேட்டு அன்ரெனாவுக்குப் பின்னால் அலுமினியத் தாளும் வைத்துப் பார்த்தோம். (அன்ரி அதைக் கழற்றி எறிந்துவிட்டா.) கடைசியாக லப்டொப்பை நேரே வயரில் கொழுவியும் பார்த்தோம். அப்பவும் நின்றது. இந்த இடத்தில் நாங்கள் யோசித்திருக்க வேணும். வயரிலும் நிற்கிறது என்றால் பிரச்சினை காற்றில் இல்லை, வைஃபையில் இல்லை. ஆனால் நாங்கள் யோசிக்கவில்லை. ஒரு ஆளைப் பிடித்தோம்.

எங்களில் ஒருவன் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். வீட்டில் இருந்து காசு வராத பிள்ளை, அதில்தான் அவன் செமஸ்டர் ஓடுகிறது. செய்து முடித்த வீடியோவை இரவில் ஸ்டூடியோவுக்கு அப்லோட் பண்ணுவான். அவன் அப்லோட் போட்டால் எங்கட டவுன்லோட் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தோம். அது உண்மை. "நெட் முழுக்க இவன்தான் இழுக்கிறான்" என்று அதுக்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தோம். அது பிழை. அவன் ஒரு நியாயமான கேள்விதான் கேட்டான்: "மேல போறது வேற பாதை, கீழ வாறது வேற பாதை மச்சான். ரெண்டும் எப்பிடி முட்டும்?" பதில் சொல்ல எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நாலு பேர், அவன் ஒருத்தன். ஆறு மணியில் இருந்து பதினொரு மணி வரைக்கும் அவன் அப்லோட் போடக் கூடாது என்று சட்டம் போட்டோம். அவன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இரவில் ஸ்டூடியோவுக்கே போய்வரத் தொடங்கினான். நேரத்துக்குக் குடுக்க ஏலாமல் இரண்டு ஓடர் போய்விட்டது. செமஸ்டர் முடிய மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனான். நாங்கள் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அவன் போய் மூன்றாம் கிழமை டவுன்லோட் திரும்பவும் நின்றது.

கலைப்பீடத்துப் பிள்ளைகள் ரவுட்டரைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய கதை இதுதான். தொழில்நுட்பக் குறிப்பு ஏதாவது கிடைக்கும் என்று தேடப் போனோம், கிடைத்தது வரலாறு. அதிலும், எங்கட வீட்டில் நடந்ததே கிட்டத்தட்ட அப்படியே இன்னொரு வீட்டில் நடந்திருக்கிறது.

அந்த வீடு அமெரிக்காவின் மசசூசெட்ஸில். வருசம் 2010. வீட்டுக்காரர் ஜிம் கெட்டிஸ், சும்மா ஆள் இல்லை. எக்ஸ் வின்டோ சிஸ்டம் என்ற திரை மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர், இணையப் பக்கங்கள் ஓடுகிற எச்ரிரிபி நெறிமுறையின் 1.1 பதிப்பை எழுதியவர்களில் ஒருவர். அப்ப பெல் ஆய்வுகூடத்தில் வேலை. அவர் வீட்டிலும் இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று பிள்ளைகள் முறைப்பாடு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் செய்துகொண்டிருக்கிற வேலையை நிப்பாட்டிவிட்டு என்ன பிழை என்று பார்க்கப் போவார். போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். திரும்ப வந்து தன் வேலையைத் தொடங்குவார். திரும்ப முறைப்பாடு வரும்.

அவர் செய்துகொண்டிருந்த வேலை, பழைய ஆவணக் கோப்புகளை வீட்டில் இருந்து எம்ஐடிக்கு ஏற்றுவது. தேடிப் போன ஆள்தான் காரணம். அவர் தேட எழும்பினாலே கோப்பு ஏறுவது நிற்கும், பிரச்சினையும் மறையும். ஒரு நாள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அளந்து பார்த்தார். ஒரு சின்னப் பொதி போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம் ஒரு செக்கனைத் தாண்டி இருந்தது. சும்மா இருக்கிற இணைப்பில் அது செக்கனில் நூறில் சில பங்குதான் எடுக்க வேணும். இணைப்பு பழுதில்லை, வயர் அறவில்லை. எல்லாம் எங்கேயோ வரிசையில் நின்றன.

எங்கட தோழனுடைய கேள்விக்கான பதிலும் இதில்தான் இருந்தது. ஒரு கோப்பு கீழே வரும்போது ஒரே துண்டாக வருவதில்லை, ஆயிரக்கணக்கான பொதிகளாக வருகிறது. பொதிகள் வந்து சேரச் சேர எங்கட கணினி "கிடைச்சது, கிடைச்சது" என்று ரசீது அனுப்பும். ரசீது வந்தால்தான் மற்றப் பக்கம் அடுத்த பொதியை விடும். ஆகப் பாதை இரண்டுதான், ஆனால் கீழே வருகிற பாதையின் ரசீதுகள் மேலே போகிற பாதையில்தான் போக வேணும். அங்கே ஒரு கல்யாண வீடியோ ஏறிக்கொண்டிருந்தால், ஒரு ஐம்பது பைட் ரசீது அந்த வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ரசீது வராத சேவர் பொதியை விடாது. டவுன்லோட் நிற்கும்.

அந்த வரிசை எவ்வளவு நீளம்? எங்கட இணைப்பில் மேலே போகிற வேகம் செக்கனுக்கு அரை மெகாபிட் அளவில். ரவுட்டருக்குள் 256 கிலோபைட் காத்திருப்பு இடம், அதாவது பஃபர், இருக்கிறது என்று வைத்தால், அது நிரம்பினால் கடைசியில் நிற்கிற பொதி வெளியேற நாலு செக்கனுக்கு மேல் வேணும். 256 கிலோபைட் என்பது இன்றைக்கு ஒரு நல்ல போட்டோ அளவுகூட இல்லை.

இதை விளங்கிக்கொள்ள எங்கட சனத்துக்கு உதாரணம் வெளியில் தேடத் தேவையில்லை. 2022 இல் பெற்றோலுக்கு நின்றவர்கள் யோசித்துப் பாருங்கோ. ஷெட்டில் எண்ணெய் குறைவு என்று ஒருத்தர் வந்து நேரத்தோடு சொன்னால் சனம் கலையும், சைக்கிளை எடுக்கும், பயணத்தைத் தள்ளிப் போடும். ஒருத்தரும் வந்து சொல்லவில்லை என்றால் வரிசை சந்தியைத் தாண்டி, அடுத்த ஊர் வரைக்கும் போகும். ஒரு போத்தல் எண்ணெய் வாங்க வந்தவரும் லொறிக்குப் பின்னால் இரவு முழுக்க நிற்பார். இணையத்தில் "இல்லை, போங்கோ" என்று சொல்வது பெரும்பாலும் ஒரு வழியில்தான்: பொதியைக் கீழே போடுவது. ஒரு பொதி தொலைந்தால் அனுப்புகிறவர் பாதையில் நெரிசல் என்று அறிந்து வேகத்தைக் குறைப்பார். ரவுட்டர் ஒன்றையும் போடாமல் எல்லாத்தையும் பத்திரமாக வைத்திருந்தால், அனுப்புகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் இன்னும் இன்னும் அனுப்புவார்.

பொதி தொலைவது ஒரு செய்தி என்பதை மனிசர் படித்தது 1986 இல். அந்த ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று படுத்தது. இரண்டுக்கும் இடையில் 400 யார் தூரம். கம்பஸ் வாசலில் இருந்து கன்ரீனுக்கு நடக்கிற தூரம். செக்கனுக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட் போனது. அதாவது செக்கனுக்கு ஐந்து ஆங்கில எழுத்து, கையால் எழுதிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கலாம். வான் ஜேக்கப்சனும் மைக் கரேல்ஸும் இதைக் குடைந்து பார்த்தார்கள். நெரிசலில் பொதி தொலையத் தொலைய எல்லாக் கணினியும் அதே பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. பாதை முழுக்க ஏற்கெனவே அனுப்பிய பொதிகளின் பிரதிகள். அவர்கள் 1988 இல் வெளியிட்ட கட்டுரை சொன்ன வழி எளிமையானது: மெதுவாகத் தொடங்கு, ஒரு பொதி வெளியேறினால்தான் இன்னொன்றை உள்ளே விடு, ஒன்று தொலைந்தால் வேகத்தைப் பாதியாக்கு. இன்றைக்கு எங்கட போனில் ஓடுகிற டிசிபியும் அடிப்படையில் அந்த வழியில் வந்ததுதான்.

எங்களைக் கூட அதிசயப்படுத்தியது ஜேக்கப்சன் இல்லை, அவருக்கு முந்தி எழுதிய ஜோன் நேகில். ஃபோர்ட் கொம்பனியின் விண்வெளிப் பிரிவில் வேலை செய்தவர். 1984 ஜனவரியிலேயே, ஆர்எப்சி 896 என்று இலக்கமிட்ட குறிப்பில், இப்படி ஒரு சரிவு வரும் என்று எழுதினார். 1985 டிசம்பரில் இன்னொன்று, ஆர்எப்சி 970. அதில் ஒரு விசித்திரமான கேள்வி: பொதிகளைக் கைமாற்றுகிற ஒரு பெட்டிக்கு முடிவில்லாத மெமரி இருந்தால் என்ன நடக்கும்? எல்லாரும் நினைப்பது, ஒன்றும் தொலையாது, நெரிசல் தீரும் என்று. நேகிலின் விடை நேரெதிர். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு ஆயுள் இருக்கிறது. வரிசை நீள நீள, பொதி தன் முறை வர முந்தியே செத்துவிடும். முடிவில்லாத மெமரி உள்ள பெட்டி கடைசியில் எல்லாத்தையும் தொலைக்கும். அதே குறிப்பில் அவர் தீர்வும் சொன்னார்: எல்லாரையும் ஒரே வரிசையில் விடாதே, அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வரிசை வை, மாறி மாறி ஒவ்வொன்றாக எடு. லொறிக்குப் பின்னால் போத்தல்காரர் நிற்கத் தேவையில்லை.

எங்கட வீட்டில் 2024 இல் நடந்த சண்டைக்கு விடை 1985 இல் எழுதப்பட்டிருந்தது. மெமரி விலை கூடின காலத்தில் ஒருத்தர், மெமரி கொட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதி வைத்திருக்கிறார். மெமரி கொட்டிக் கிடக்கத் தொடங்கின காலத்தில் ரவுட்டர் செய்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று இல்லை. 1993 இல் சாலி ஃபுளொய்டும் ஜேக்கப்சனும், வரிசை நிரம்ப முந்தியே அங்கொன்று இங்கொன்றாகப் பொதியைப் போடுகிற ஒரு முறையைத் தந்தார்கள். 1998 இல் இணைய ஆய்வாளர்கள் அதைப் பரவலாகப் பாவிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். ஆனால் அதன் அளவுகளை ஒவ்வொரு இணைப்புக்கும் ஏற்ற மாதிரிச் சரியாக வைப்பது கஷ்டம். பிழையாக வைத்தால் இருக்கிறதும் கெடும். ஆகப் பல இடங்களில் அது நிப்பாட்டியே கிடந்தது.

இதுக்குள்ளே மெமரி மலிந்தது. செக்கனுக்கு அரை மெகாபிட் வீட்டுக்கும் ஐம்பது மெகாபிட் வீட்டுக்கும் அதே பெட்டி, அதே பஃபர். பொதி தொலைவது வெட்கம் என்று எண்ணிய வடிவமைப்பாளர்கள், இடத்தைப் பெருப்பித்துக்கொண்டே போனார்கள். வேகச் சோதனை என்று நாங்கள் ஓட்டுவதும் எவ்வளவு போகிறது என்பதைத்தான் நீண்ட காலம் காட்டியது, எவ்வளவு நேரம் காக்கிறது என்பதைக் காட்டவில்லை. பழுது ஏன் இத்தனை வருசம் வெளியில் தெரியவில்லை என்பதுக்கு கெட்டிஸ் சொல்கிற ஒரு காரணம் எங்களுக்குப் பிடித்தது: வின்டோஸ் எக்ஸ்பி. அதில் ஒரு இணைப்பு வழமையாக 64 கிலோபைட்டுக்கு மேல் ரசீது வராத பொதிகளைப் பாதையில் வைத்திருக்காது. ஆகப் பெரிய பஃபரை ஒரு கோப்பு தனியே நிரப்புவது கடினம். அதுக்குப் பிறகு வந்த இயங்குதளங்கள் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தன. பழைய கணினிகள் வீடுகளை விட்டுப் போகப் போக, பல வருசமாக மறைந்திருந்த வரிசை வெளியே வந்தது. நல்லது என்று செய்த ஒரு மாற்றம் பழைய பிழையைக் காட்டிக் குடுத்தது.

கெட்டிஸ் தான் கண்டதை ஜேக்கப்சன், வின்ட் சேர்ஃப் போன்ற மூத்தவர்களிடம் காட்டினார். தன் வீட்டு வியாதி மட்டும் இல்லை என்பதும் விளங்கியது. அதே 2010 இல் நெற்றலைசர் என்ற சோதனைக் கருவியை வைத்து நடத்திய ஆய்வில், 130,000 சோதனைகளில், மிதமிஞ்சிய பஃபர்கள் பரவலாக இருப்பது தெரிந்தது. அவர் அதுக்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். பஃபர் ஊதிப்போனது, பொருமின வயிறு மாதிரி.

மருந்து 2012 இல் வந்தது. கத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் செய்த கோடெல் என்ற முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. ஒரு பொதி எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லிசெக்கன் முழுக்க எல்லாப் பொதியும் 5 மில்லிசெக்கனுக்கு மேல் காத்து நின்றால், ஒன்றைக் கீழே போடத் தொடங்கும். அவ்வளவுதான். எந்த வேக இணைப்புக்கும் அதே கணக்கு, அளவுகளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. எரிக் டுமாசே அதை நேகில் சொன்ன தனித்தனி வரிசை யோசனையோடு சேர்த்து லினக்ஸில் எழுதினார். அந்த வருசம் ஜூலையில் வந்த லினக்ஸ் 3.5 இல் அது இருந்தது. 1985 இன் யோசனை 27 வருசம் கழித்து வேலைக்கு வந்தது. வைஃபைக்கு இன்னும் ஐந்து வருசம் எடுத்தது. அங்கே இன்னொரு வில்லங்கம்: தூரத்து அறையில் மெதுவாகக் கதைக்கிற ஒரு போன் காற்று நேரத்தின் பெரும் பங்கைத் தின்றுவிடும். அதுக்கான தீர்வை டோக்கே ஹொய்லன்ட் ஜோர்கன்சன் என்ற டென்மார்க்காரரும் டேவ் டாட் உள்ளிட்ட தோழர்களும் 2017 இல் வெளியிட்டார்கள். 2025 இல் காலமாகும் வரைக்கும் டாட் இதையே பேசிக்கொண்டு திரிந்தவர்.

இந்த மருந்து எங்கட மாதிரி வீடுகளுக்கு எப்படி வந்தது என்பதும் ஒரு வரலாறுதான். 2003 இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம், பெட்டியை விற்றால் அதில் உள்ள லினக்ஸின் மூல நிரலையும் குடு என்கிறது. நெருக்கியதில் நிரல் வெளியே வந்தது. அதை எடுத்து 2004 இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி, ஆரும் காசில்லாமல் தங்கட ரவுட்டரில் போடக்கூடிய மென்பொருள். பஃபர்புளோட்டுக்கு எதிரான வேலையில் பெரும்பகுதியைத் தொண்டர்கள் இதுக்குள்ளே வைத்துத்தான் சோதித்தார்கள்.

அப்ப எங்கட வீட்டில், அவன் போன பிறகு, ஆர் அப்லோட் போட்டது? நாங்கள்தான். ஆறு மணிக்குக் கம்பஸால் வந்ததும் நாலு பேரும் போனை சார்ஜில் போடுவோம். சார்ஜும் வைஃபையும் கிடைத்தால் அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் தானாக மேலே ஏறும். கெட்டிஸ் மாதிரி அளந்து பார்த்தோம். ஒரு லப்டொப்பில் பிங் கட்டளையை ஓட விட்டோம். சும்மா இருக்கும்போது 40 மில்லிசெக்கன். நாலு போனையும் கொழுவினதும் 900, 2000, 3600. ஒவ்வொரு போனாகக் கழற்ற இறங்கியது. அவன் இருந்த காலத்திலும் இந்த நாலு போனும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. வீடியோ மட்டும்தான் எங்கட கண்ணில் பட்டது.

விஞ்ஞான பீடத்து நண்பன் ஒருத்தன் ஒரு பழைய ரவுட்டரை மலிவுக்கு எடுத்துத் தந்து ஓப்பன்டபிள்யூஆர்டியைப் போட்டுத் தந்தான். அதை அன்ரியின் பெட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் வைத்து, எஸ்கியூஎம் என்ற பகுதியில் மேலே போகிற வேகத்தை உண்மையான வேகத்தின் 85 வீதமாகக் கட்டினோம். ஏன் குறைக்க வேணும் என்றால், அப்பதான் வரிசை அன்ரியின் ஊதின பெட்டிக்குள் போகாமல் எங்கட பெட்டிக்குள் நிற்கும். எங்கட பெட்டிக்குத்தான் சனத்தைக் கலைக்கத் தெரியும். 15 வீதம் போகிறதே என்று ஒருத்தன் அழுதான். நாலு போனையும் கொழுவி, பிங்கை ஓட விட்டோம். 55. நூலகத்தில் இருந்து ஒரு 90 எம்பி இதழைப் போட்டோம். ஒரே இழுவையில் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு இரவே அவனுக்குக் கோல் எடுத்தோம். ரசீதுக் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. "அப்ப நான் போட்டாலும் நிண்டது, நீங்கள் போட்டாலும் நிண்டது" என்றான். ஓம் என்றோம். "அந்த ரெண்டு ஓடரும் பெரிய ஓடர்" என்றான். அதுக்கும் ஓம் என்றுதான் சொன்னோம். பேந்து அந்தப் பெட்டியின் மொடல் என்ன என்று கேட்டான். அவன் இப்ப இருக்கிற வீட்டிலும் ஏழு பேராம்.

அன்ரி இன்னும் இரண்டாவது பெட்டி எதுக்கு என்று கேட்கிறா, கரன்ட் பில்லைக் காட்டிக் காட்டி. அவன் படுத்த இடத்தில் இப்ப முதலாம் வருசத் தம்பி ஒருத்தன். இரவில் அவனும் ஏதோ பெரிசாக அப்லோட் போடுகிறான். என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.